ஒன்பதாவது இருக்கையின் ஹெட்போன்

ஒன்பதாவது கம்ப்யூட்டரில் ஹெட்போன் செருகியிருப்பதாகத் திரையின் மூலையில் பச்சை எழுத்து சொன்னது. செருகவில்லை. பத்ரி வேட்டியைத் தூக்கிச் சொருகுவதுபோல் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, குனிந்து மேசைக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். பெட்டியின் முகப்பில் இருந்த வட்டத் துளை காலியாக இருந்தது. ஹெட்போன் மானிட்டரின் தலையில் தொங்கிக்கொண்டிருந்தது, அதன் வயர் நுனியிலிருந்த பின் மேசை விளிம்பில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அந்தத் துளையை அவரேதான் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக மாற்றியிருந்தார். இதற்குள் கெட்டுப்போக வழியே இல்லை.

ஈரக்காற்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். மூன்று நாளாக விடாத மழை. சாயங்காலமே சேலையூர் கேம்ப் ரோடு முழுக்க விளக்குப் போட்டுக்கொண்டுவிட்டது. கீழ்த்தளத்து பேக்கரியிலிருந்து பப்ஸ் வேகும் நெய்யில்லாத நெய் வாசனையும், மாடிப்படியில் போட்டிருந்த நனைந்த சாக்கின் நாற்றமும், ஏசி ஓடியும் போகாத தரைக் கம்பளத்தின் புழுக்கமும் ஒன்றாகக் கலந்து அந்த நீள அறைக்குள் தேங்கியிருந்தன. ஜன்னலுக்குக் கீழே தாம்பரம் போகும் பஸ் ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று. அது போன பிறகு அறையில் கம்ப்யூட்டர் விசிறிகளின் முனகல் மட்டும் இருந்தது.

அது ஒரு தேர்வு மையம். வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் அங்கே வந்து உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, யாரோ இரண்டு பேர் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வதைக் கேட்டுப் பதில் அடிக்க வேண்டும். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதும், தேர்வு நடக்கும்போது மேற்பார்வையாளர் நாற்காலியில் உட்கார்வதும் பத்ரியின் வேலை. எல்லாவற்றிலும் லினக்ஸ் என்கிற இயங்குதளம் போட்டது அவர் யோசனைதான். வைரஸ் வராது, அடங்கி நடக்கும், சொன்னதை நம்பும் என்பார்.

நாளைக் காலைத் தேர்வை அவருடைய ஒரே மகள் மிருதுளா எழுதுகிறாள். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் இடம் கொடுத்துவிட்டு, இந்த மதிப்பெண்ணுக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. இருக்கையைத் தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டர் ஒதுக்கும். பத்ரியால்கூட மாற்ற முடியாது. அது மிருதுளாவுக்கு ஒன்பதைக் கொடுத்திருந்தது. அதனால்தான் இந்த மழையிலும் வந்து, அந்த ஒரு பெட்டியின் முன் மண்டியிட்டுக் கிடந்தார். கல்லூரி விட்டு வரும் வழியில் அவளும் இங்கே வந்து ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள்.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். பச்சை எழுத்து முதலில் வந்தது, மற்றவையெல்லாம் பிறகு வந்தன.

ஹெட்போன் துளைக்குள் ஒரு சின்னத் தகடு உண்டு. பின் உள்ளே போனால் தகடு நகரும், நகர்ந்தால் கம்ப்யூட்டருக்குத் தெரியும், உடனே ஸ்பீக்கரை ஊமையாக்கிச் சத்தத்தைக் காதுக்கு அனுப்பும். இவ்வளவுதான் சங்கதி. தகடு ஒட்டிக்கொண்டால் இல்லாத ஹெட்போனை இருப்பதாக நினைக்கும். பத்ரி பெட்டியின் பக்கத் தகரத்தைக் கழற்றி, அந்தத் துளையிலிருந்து உள்ளே போகும் வயரையே பிடுங்கிக் கையில் எடுத்தார். இனி அங்கே தகடும் இல்லை, துளையும் இல்லை. கம்ப்யூட்டருக்குக் காதே அறுந்த மாதிரி.

எழுந்து திரையைப் பார்த்தார். ஹெட்போன் இணைக்கப்பட்டுள்ளது.

கையிலிருந்த வயரின் நுனி லேசாகச் சூடாக இருந்தது.

நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கட்டளை அடிக்கும் கருப்புத் திரையைத் திறந்தார். ஒலியைச் சோதிக்க லினக்ஸில் ஒரு கட்டளை உண்டு. இடது பக்கம் ஒருமுறை, வலது பக்கம் ஒருமுறை, ஒரு பெண் குரல் பக்கத்தின் பெயரைச் சொல்லும். ஓடவிட்டார். ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. மானிட்டரில் தொங்கிய ஹெட்போனிலிருந்துதான், எதிலும் செருகாத அந்த ஹெட்போனிலிருந்துதான், எறும்பு பேசுகிற அளவுக்கு அந்தக் குரல் கேட்டது. "ஃப்ரன்ட் லெஃப்ட்." பிறகு, "ஃப்ரன்ட் ரைட்." பிறகு ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் யாரோ பேசுவதற்காக மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

பத்ரி ஓரடி பின்னால் வந்தார். நாற்காலி அவர் தொடையில் இடித்தது. அது அவர் தள்ளி வைத்த இடத்தில் இல்லை. ஆள் உட்கார்ந்து வேலை செய்கிற தூரத்தில், மேசையை ஒட்டி இருந்தது.

அப்போதுதான் அவருக்கு, முன்பு அதே நாற்காலியில் உட்கார்ந்து தேர்வு எழுதிய ஒரு பெண்ணின் பெயர் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்று சொல்வது சும்மா பேச்சுக்கு. மறந்தால்தானே வருவதற்கு.

பத்ரி பொய் பேசுகிறவர் இல்லை, அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உண்மைதான். அவர் பொய்யைப் பேசமாட்டார், டைப் அடித்து அனுப்புவார்.

போன கோடையில் பாதிப் பெட்டிகளில் தகடு தளர்ந்துபோயிற்று. எழுதுகிறவர்கள் தலையைத் திருப்பினால் போதும், ஹெட்போன் இல்லை என்று கம்ப்யூட்டர் தேர்வை நிறுத்திவிடும். தலைமை அலுவலகம் ஒருமுறை கடுமையாகக் கேட்டது. எல்லாத் துளைகளையும் மாற்றச் சோம்பல்பட்டு, பத்ரி லினக்ஸுக்குள் ஒரே ஒரு வரி எழுதினார். இந்தத் துளையில் எப்போதும் ஹெட்போன் இருக்கிறது, நீ பார்க்காதே, நான் சொல்கிறேன், நம்பு. இதுதான் அந்த வரியின் பொருள். அதற்குப் பிறகு ஒரு கம்ப்யூட்டரும் நிற்கவில்லை.

அப்படி ஒரு சனிக்கிழமை, ஒன்பதாவது இருக்கையில் கோகிலவாணி உட்கார்ந்தாள். அனகாபுத்தூர்ப் பெண். நர்ஸ். அயர்லாந்தில் வேலை தயாராக இருந்தது. தேர்வு தொடங்கிய சற்று நேரத்தில் அவள் கையைத் தூக்கினாள். பத்ரி போனார்.

"சார், சத்தம் ஒடையுது சார். ஆளுங்க பேசறதே வரல. ரயில் சத்தம் மட்டும்தான் கேக்குது."

துளைக்குள் பின் ஒரு நகக்கண் அளவு வெளியே வந்திருந்தது. அப்படி வந்தால் ஒரு விசித்திரம் நடக்கும்: இரண்டு காதுக்கும் பொதுவாக நடுவில் வைத்திருக்கும் மனிதக் குரல் ஒன்றையொன்று தின்றுகொண்டு மறைந்துபோகும், ஓரங்களில் இருக்கும் இரைச்சல் மட்டும் மிஞ்சும். அன்றைய கேள்வி ஒரு ரயில் நிலையத்தில் இருவர் பேசிக்கொள்வது. அவளுக்குச் சக்கரமும் ஊதலும் கூட்டமும் கேட்டன, அந்த இருவர் கேட்கவே இல்லை. பத்ரி எழுதிய வரி மட்டும் இல்லாதிருந்தால் கம்ப்யூட்டர் தானே நின்று, பின் சரியில்லை என்று சொல்லியிருக்கும்.

பத்ரி குனிந்து பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார். பச்சை. "எங்க பக்கம் எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. கவனிச்சுக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். அவள் மறுபடியும் கையைத் தூக்கினாள். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை வெகுநேரம் தூக்கியபடியே இருந்ததை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு அது இறங்கிவிட்டது.

தேர்வில் தோற்று, அவள் தலைமை அலுவலகத்துக்குப் புகார் கொடுத்த அன்றுதான் பத்ரி குனிந்து அந்தப் பின்னைத் தொட்டார். அது ஆடியது. அவருக்கு எல்லாம் புரிந்தது. அன்றே அந்த வரியை அழித்தார், துளையை மாற்றினார், ஹெட்போன் முழு நேரமும் இணைந்திருந்ததாகக் கம்ப்யூட்டர் பதிந்து வைத்ததை அத்தாட்சியாக அனுப்பினார். கூடவே, கோகிலவாணி தன் காதைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்று மரியாதையாக ஒரு வாக்கியமும் சேர்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது மட்டுமல்ல, அதன் மேல் நெய்யும் ஊற்றினார்.

அந்த வாக்கியம் அப்படியே அவளுக்குப் போயிற்று. பாவிப் பெண் அதை நம்பிவிட்டாள். தன் காதில்தான் கோளாறு என்று எடுத்துக்கொண்டு, பழக்கினால் சரியாகும் என்று, சமையலிலும் பஸ்ஸிலும் நடையிலும் ஹெட்போனைக் கழற்றாமல் ஆங்கிலப் பேச்சாகக் கேட்டுத் தள்ளினாள். தாம்பரம் சானட்டோரியம் ஸ்டேஷன் பக்கம் தண்டவாளத்தைத் தாண்டும்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ரயில் வந்தது அவளுக்குக் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மொட்டைத் தலையோடு அவள் அப்பா தயாளன் இந்த மாடி ஏறி வந்தார். சண்டை போடவில்லை. வாசலிலேயே நின்றார்.

"ஒரே ஒரு வார்த்த சார். எம் பொண்ணு காது நல்லா இருந்துச்சு, மிசினுதான் பேஜார் பண்ணுச்சுன்னு உன் வாயால சொல்லிடு. நான் யாராண்டயும் போய் சொல்லிகினு இருக்க மாட்டேன். அவ போட்டோ முன்னால போய் சொல்லணும், அதுக்குதான்."

பத்ரி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு, "எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சுங்க" என்றார்.

தயாளன் தலையாட்டினார். போகும்போது ஒன்பதாவது இருக்கை எது என்று கேட்டார். பத்ரி காட்டினார். அவர் அந்த நாற்காலியின் முதுகை ஒருமுறை தடவிவிட்டு இறங்கிப் போனார்.

இப்போது அந்த நாற்காலி மேசையை ஒட்டி நின்றது.

பத்ரி திரையில் அந்தப் பழைய வரியைத் தேடினார். அழித்த இடம் அழித்தபடியே இருந்தது. சரி, இனி ஒரே வழி. வயரையெல்லாம் சேர்த்து, வேறு கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து ஒன்பதில் வைத்துவிடலாம். பக்கத்து எட்டாவது பெட்டியிடம் போனார். அதன் திரை தானாக விழித்தது. ஹெட்போன் இணைக்கப்பட்டுள்ளது. ஏழு. ஆறு. வரிசை நெடுகப் பச்சை எழுத்து ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டு போயிற்று. எல்லா ஹெட்போன்களின் பின்களும் மேசை விளிம்புகளில் தொங்கின. அறையில் காற்று இல்லை. பின்கள் மட்டும் ஒரே சீராக ஆடிக்கொண்டிருந்தன.

வாசல் பக்கம் திரும்பினார். அப்போது சட்டைப் பையில் செல்போன் அடித்தது.

மிருதுளா.

அந்தப் பெயரைப் பார்த்ததும் அவருக்கு உயிர் திரும்பியது. "சொல்லும்மா, எங்க இருக்க?"

மழை. குடைமேல் விழும் மழை. கூட்டத்தின் இரைச்சல், செருப்புகள் சேற்றில் உரசும் சத்தம், ரயில் நிலைய அறிவிப்புக்கு முன்னால் அடிக்கும் மணி. மணி அடித்தது, அறிவிப்பு வரவில்லை. அந்த இடத்தில் வெறும் பள்ளம்.

"மிரு? கேக்குதா?"

பேச வேண்டிய இடத்தில் மறுபடியும் பள்ளம். தூரத்தில் ஒரு ஊதல். அவர் போனைக் காதோடு அழுத்தினார். குரல் இல்லை. யாருடைய குரலும் இல்லை. ஓரங்கள் மட்டும் இருந்தன, நடு இல்லை.

ஒன்பதாவது திரையில் ஏதோ அசைந்தது. மைக் அளவு காட்டும் பட்டை. போனில் பள்ளம் விழும்போதெல்லாம் அங்கே பட்டை ஏறியது. பள்ளம் முடிந்தால் இறங்கியது. மிருதுளா எப்போதும் பேசுவதுபோல, படபடவென்று ஏறி, மூச்சு வாங்க நின்று, மறுபடி ஏறியது.

பத்ரி போகக்கூடாது என்று நினைத்தார். போனார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அவ்வளவு தெளிவான ஒலியை அந்த மையத்தில் யாரும் கேட்டதில்லை. ஒரு கரகரப்பு இல்லை, ஒரு விரிசல் இல்லை.

"...அப்பா, சப்வேல முட்டி வரைக்கும் தண்ணிப்பா. பிரிட்ஜ்லயும் ஒரே கூட்டம். இங்க ஒரு அக்கா தண்டவாளத்த தாண்டினா ஈஸின்னு கூட்டிட்டுப் போறாங்க. நர்ஸாம். சானட்டோரியம் பக்கம் நல்லா பழக்கமாம். பாவம்ப்பா, காதுல ஹெட்போன் மாட்டியிருக்காங்க, ஆனா பின்னு சும்மா தொங்குது. கேட்டா சிரிக்கறாங்க."

"மிரு! போகாத! அங்கயே நில்லு!"

"அப்பா? ஹலோ? உங்க பக்கம் வெறும் ரயில் சத்தம்தான் வருது. நீங்க பேசறதே கேக்கல."

அவர் கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார். திரையில் பட்டை அசையவில்லை. ஓடலாம் என்று பார்த்தால் ஸ்டேஷன் எங்கே, இவர் எங்கே. கேம்ப் ரோட்டில் வண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. காதுக்குள் ஜல்லிமேல் இரண்டு ஜோடிக் கால்கள் நடந்தன. ஒன்று செருப்புக்கால். இன்னொன்று வெறுங்கால்.

"கோகிலவாணி!" முதல்முறையாக அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னார். "உன் காது நல்லாத்தாம்மா இருந்துச்சு! மெஷின்தாம்மா. நான் எழுதின வரிம்மா. நான்தான். என் பொண்ண விட்டுடும்மா, உன் அப்பா காலுல வேணா விழறேன்..."

பட்டை அசையவில்லை.

ஊதல் பெரிதாகியது. நின்று, மறுபடி ஊதியது. ஜல்லி அதிர்ந்தது. தண்டவாளம் பாடத் தொடங்கியது.

அவர் கை தானாக மேலே போயிற்று. தேர்வில் எல்லோரும் தூக்குவதுபோல. தூக்கிக்கொண்டு, அறையின் முன்பக்கத்தில் இருந்த மேற்பார்வையாளர் நாற்காலியைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. அது காலியாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் கையை இறக்க முடியவில்லை.

மிருதுளாவின் மூச்சுக்குப் பக்கத்தில், அவளைவிட நெருக்கமாக, பொறுமையான ஒரு குரல் கேட்டது.

"எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு. கவனிச்சுக் கேளுங்க."

மற்றொரு கையால் ஹெட்போனைப் பிடுங்கி மேசையில் எறிந்தார். சத்தம் குறையவில்லை. காதில் ஒன்றுமில்லை. சக்கரங்கள் வந்தன. குடை விரிந்தபடி எதிலோ மோதிப் பறந்தது. மகள், "அப்பா, கேக்குதா?" என்றாள், தெளிவாக, நடுவில்.

மேசையிலிருந்து நழுவிய ஹெட்போனின் பின் அவர் முழங்காலருகே எதிலும் படாமல் ஆடிக்கொண்டிருந்தது. திரைகள் எல்லாம் பச்சையாக இருந்தன. காலி அறையில் பத்ரியின் கை தூக்கியபடியே இருந்தது.